மிளகு எங்கே எடை குறைகிறது?

கேள்வி: தாண்டிக்குடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு நான்கு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறோம். திருப்பூரில் பனியன் நிறுவனம் ஒன்றில் கணக்கு வேலை பார்த்துவந்த நான், அப்பாவுக்கு உடல்நலம் குன்றியதால் ஊருக்குத் திரும்பிவிட்டேன். சென்ற பருவத்தில் 400 கிலோ காய்ந்த மிளகு கிடைத்தது. முழுவதையும் வழக்கமான வியாபாரிக்கே போட்டோம். ஆவணியில் அப்பா அவரிடம் 50,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்ததால், அன்றைய விலையில் கிலோவுக்கு 30 ரூபாய் குறைத்து 590 ரூபாய்தான் கொடுத்தார். அது போதாதென்று, ‘ஈரம், பொக்கு’ (பொக்கு என்றால் உள்ளீடற்ற மணி) என்று சொல்லி நூறு கிலோவுக்கு 8 கிலோ கழித்துவிட்டார். சென்னைக் கடையில் மிளகு கிலோ 1,200 ரூபாய்க்குப் போகிறது. இந்த ஆண்டு இடைத்தரகரே வேண்டாம், நேராக வீடுகளுக்கு விற்றுவிடலாம் என்று நினைக்கிறேன். ஆனால் தோழிகளுக்குச் சோதனையாக அனுப்பிய பொட்டலங்களில் சிலவற்றில் பூஞ்சை பிடித்துவிட்டதாம். பெயர், உறை, இணைய விற்பனை எல்லாவற்றுக்கும் வழி சொல்லுங்கள். பொடியாக அரைத்து விற்றால் லாபம் கூடும் என்று சித்தப்பா சொல்கிறார். அது சரியா?

– வாசகி, கீழ்ப்பழனி மலை

பதில்:

பெயரும் உறையும் கொஞ்சம் காத்திருக்கட்டும். வியாபாரி எட்டுக் கிலோ கழித்ததை ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். பொட்டலத்தில் பூஞ்சை பிடித்ததை இன்னொரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒரே செய்தியாகத்தான் தெரிகின்றன. மசாலா நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் தரம் பார்த்து மூட்டை எடுத்தவன் நான். இப்போது மலைத்தோட்டக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லிவருகிறேன். வாங்குபவர் எந்தக் கண்ணோடு பார்ப்பார் என்பதை வைத்தே பதில் சொல்கிறேன்.

மிளகு வணிகத்தில் 11 சதவீத ஈரம் வரை குறை சொல்லாமல் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் சரக்கில் 14 சதவீதம் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் நூறு கிலோவில் தண்ணீர் 14 கிலோ, மிளகு 86 கிலோ. அதை 11 சதவீதத்துக்குக் காயவைத்தால் எடை 96.6 கிலோவில் வந்து நிற்கும். ஆக, நியாயமான கழிவு மூன்றரைக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது. ஈரத்துக்காக மட்டுமே எட்டுக் கிலோ கழிக்க வேண்டுமென்றால் 18 சதவீதம் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஈரத்தோடு காம்பும் தூசியும் பொக்கும் சேர்ந்து அந்த அளவுக்கு வந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அவர் கூடுதலாகக் கழித்திருக்கிறார்.

இந்த மூன்றில் எது நடந்தது என்பதைச் சொல்ல உங்களிடம் ஓர் அளவும் இல்லை. அவரிடம் இருந்தது. மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் உருட்டி, இரண்டு மணியைக் கடித்துப் பார்த்திருப்பார். அனுபவப்பட்ட வியாபாரியின் பல் கிட்டத்தட்ட ஈரமானிக்குச் சமம். ஆனால் சந்தேகம் வரும்போது அந்தப் பல் அவர் பக்கமே சாயும், அது இயற்கை. தோழிகளின் பொட்டலங்களில் பூஞ்சை வந்ததைப் பார்த்தால், அவர் சொன்னதில் பாதியாவது உண்மை என்றுதான் நினைக்கிறேன். காயாத மிளகை அவருக்குப் போட்டபோது அது 8 கிலோ கழிவாக வந்தது. பையில் அடைத்துத் தோழிகளுக்கு அனுப்பியபோது பூஞ்சையாக வந்தது. வியாபாரியை விலக்கிவிட்டால் கழிவு போய்விடும், பூஞ்சை போகாது.

அதனால் தோட்டத்திலிருந்து வாங்குபவர் வீடுவரை நீளும் சங்கிலியைச் சென்னைப் பக்கத்திலிருந்து அல்லாமல் கொடியிலிருந்து பிடியுங்கள்.

பறிப்பு முதல் விஷயம். ஒரு சரத்தில் ஒன்றிரண்டு மணிகள் மஞ்சளாகியோ சிவந்தோ வரும்போதுதான் அந்தச் சரம் பறிக்கத் தயார். ஒரே கொடியில் எல்லாச் சரமும் ஒரே வாரத்தில் அந்த நிலைக்கு வராது. ஆள் கிடைக்கவில்லை என்று ஒரே ஏற்றத்தில் எல்லாவற்றையும் உருவிப் போட்டால், பிஞ்சு மணிகள் காய்ந்து சுருங்கிப் பொக்காகிவிடும். கொடியோடு குத்தகை எடுப்பவர்கள் அப்படித்தான் உருவுவார்கள். அடுத்த ஆண்டு அந்தக் கொடி யாருடையதோ என்பதால் அவர்களுக்குக் கவலை இல்லை. மூன்று சுற்று பறிப்பது புத்தகத்தில் நன்றாக இருக்கும். கூலியைக் கணக்குப் பார்த்தால் உங்கள் அளவுத் தோட்டத்துக்கு இரண்டு சுற்று போதும். முதல் சுற்றில் பழுத்த சரங்களை மட்டும் எடுங்கள். நேரடி விற்பனைக்கான மிளகு அந்தச் சுற்றில்தான் கிடைக்கும். ஒற்றை மூங்கில் ஏணியில் சில்வர் ஓக் உயரத்துக்கு ஏறுபவரின் இடுப்பில் கயிறு கட்டச் சொல்லுங்கள். ‘பழக்கம்தான்’ என்பார்கள். விழுபவர்களில் பெரும்பாலோர் பழக்கப்பட்டவர்களே.

பன்னியூர்-1, கரிமுண்டா என்ற இரண்டு ரகக் கொடிகளும் கலந்து நின்றால் தனித்தனியாகப் பறித்துத் தனித்தனியாக உலர்த்துங்கள். பன்னியூரின் மணி பெரிது, கரிமுண்டாவினுடையது சிறிது. கலந்து பரப்பினால் சிறியது காய்ந்து முடிந்த நாளில் பெரியதின் நடுவில் ஈரம் இருக்கும். கைக்கு எல்லாம் காய்ந்தது போலத் தெரியும். மூட்டைக்குள் போனதும் அந்த ஈரம் எல்லாவற்றுக்கும் பரவிவிடும்.

உதிர்த்த பச்சை மிளகைத் துளையிட்ட கூடையில் போட்டு, கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துப் பிறகு களத்தில் பரப்புங்கள். இந்த ஒரு வேலைக்காக மட்டும் நான் யாரிடமும் வாதாடத் தயார். மேலே ஒட்டியிருக்கும் அழுக்கும் கிருமியும் பெருமளவு போகும். காயும் நாட்கள் குறையும். மணி முழுவதும் ஒரே கறுப்பாக வரும். ‘வெந்நீரில் போட்டால் காரம் போய்விடும்’ என்று உங்கள் ஊரில் சொல்வார்கள். ஒரு நிமிடத்தில் போகாது. அடுப்படியில் மறந்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால் மணம் போகும்.

களத்தில்தான் உங்கள் மலையின் உண்மையான நெருக்கடி இருக்கிறது. காப்பிப் பழம் காய்ந்து முடிவதற்குள் மிளகு வந்துவிடுகிறது, களம் ஒன்றுதான். காப்பிக்கு முதலிடம் கொடுத்து, மிளகை வீட்டு முற்றத்திலும் சாலை ஓரத்திலும் தார்ப்பாயில் பரப்புகிறார்கள். கோழி ஏறுகிறது, நாய் படுக்கிறது. மாசி, பங்குனியில் காப்பி பூப்பதற்குப் பூ மழை வேண்டும் என்று எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள். அதே மழை மிளகின் மேல் பெய்தால் நாசம். போதாக்குறைக்கு நாலு மணிக்கே மூட்டம் இறங்கிவிடும். பகல் முழுவதும் காய்ந்த மிளகு மாலை மூட்டத்தில் மறுபடி ஈரத்தைக் குடிக்கிறது. ஆகவே மூன்றரைக்கே கூட்டி மூடிவிடுங்கள். தரையில் இருந்து உயர்த்திய மேடையில், மேலே தாள் போர்த்திய சிறிய சூரியக் கூடார உலர்த்தி ஒன்று இருந்தால் இந்தத் தொல்லையில் பாதி போய்விடும். வேளாண்மைப் பொறியியல் துறையில் இதற்கு மானியம் உண்டு; விண்ணப்பத்தைப் பறிப்புக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். மிளகு களத்தில் கிடக்கும்போது அலுவலகத்துக்கு அலைய முடியாது. தடியன்குடிசையில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குக் கூப்பிடு தூரம். கொதிநீர் முறையையும் உலர்த்தியையும் பற்றி அங்கே நேரில் கேட்டுக்கொள்ளலாம்.

காய்ந்துவிட்டதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? ஈரமானி வாங்குங்கள். ஒரு வீட்டுக்கு அது செலவு. பத்து வீடு சேர்ந்தால் செலவே இல்லை. அது வரும்வரை இப்படிச் செய்யலாம். களத்தின் நான்கு மூலையிலும் நடுவிலும் அள்ளிக் கலந்து சரியாக ஒரு கிலோ நிறுத்துத் தனியாக வையுங்கள். அதை இன்னொரு முழு வெயிலில் காயவைத்து மறுபடி நிறுங்கள். எடை குறைந்தால் உங்கள் மிளகு காயவில்லை. எவ்வளவு குறைந்ததோ அவ்வளவுக்கு உங்கள் கண் ஏமாந்திருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு சோதனை கணக்குப் படித்த உங்களுக்குப் பிடிக்கும். உதிர்த்த பச்சை மிளகு நூறு கிலோவுக்குக் காய்ந்த மிளகு 33 முதல் 35 கிலோ வரும். 39 வந்தால் சந்தோஷப்படாதீர்கள், அது தண்ணீர். 28தான் வந்தது என்றால் பிஞ்சைப் பறித்திருக்கிறீர்கள்.

அடுத்தது லிட்டர் எடை. ஒரு லிட்டர் அளவையில் மிளகைத் தளரக் கொட்டி, மேலே தட்டையாக வழித்து, நிறுத்துப் பாருங்கள். உலகச் சந்தையில் வியட்நாம் மிளகுக்கே லிட்டருக்கு 500 கிராம், 550 கிராம் என்று இரண்டு தனி விலை சொல்வார்கள். முற்றிய மணி கனமாக இருக்கும். பொக்கு இடத்தை அடைக்கும், எடை தராது. ஈரம், லிட்டர் எடை என்ற இந்த இரண்டு எண்களும் கையில் இருக்கும் ஆளிடம் வியாபாரி வேறு மாதிரிப் பேசுவார். நான் வாங்குகிற இடத்தில் இருந்தபோது, அளந்து எழுதிய சீட்டோடு வரும் மூட்டைக்கு நாங்கள் கழிவு பேசியதில்லை. சீட்டைச் சரிபார்ப்போம், அவ்வளவுதான்.

அந்தச் சீட்டை நீங்கள் இந்தப் பருவமே தொடங்குங்கள். பறித்த தேதி, தோட்டத்தின் எந்தப் பகுதி, எந்த ரகம், பச்சை எடை, காய்ந்த எடை, ஈரம், லிட்டர் எடை, கடைசியாக மருந்து அடித்த தேதி. ஒரு மூட்டைக்கு ஓர் எண். ஏற்றுமதியாளர்கள் இதற்குப் பெரிய பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள்; உங்களுக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். நாளை ஒரு வீட்டில் இருந்து புகார் வந்தால் எந்தக் களத்து மிளகு என்று தேடிப் பிடிக்கவும், அந்த மூட்டையின் மீதியை நிறுத்தி வைக்கவும் அது ஒன்றே வழி.

காய்ந்த மிளகைச் சூட்டோடு மூட்டை கட்டாதீர்கள். நிழலில் ஆறவிட்டு, உள்ளே தடித்த பாலித்தீன் உறை இட்ட சாக்கில் கட்டி, மரச்சட்டத்தின் மேல், சுவரில் இருந்து ஓர் அடி தள்ளி அடுக்குங்கள். வெறும் சணல் சாக்கு மதுரையில் சரி, தாண்டிக்குடியில் சரிப்படாது. அதே அறையில் காப்பி, உரம், டீசல் எதுவும் வேண்டாம். மிளகு மணத்தைக் கொடுப்பதில் மட்டுமல்ல, வாங்குவதிலும் வல்லது. நன்றாகக் காய்ந்து இப்படிக் கட்டிய முழு மிளகு ஆண்டுக்கணக்கில் கெடாது. தக்காளி விவசாயிக்கு இல்லாத அந்த வசதி உங்களுக்கு இருக்கிறது: விலை பிடிக்கவில்லையென்றால் விற்காமல் இருக்கலாம். ஆனால் அந்த வசதியைத்தான் ஆவணியிலேயே 50,000 ரூபாய்க்கு விற்றுவிடுகிறீர்கள்.

முன்பணத்துக்கு வட்டி இல்லை என்று அப்பா சொல்லியிருப்பார். கிலோவுக்கு 30 ரூபாய் குறைப்பு, 400 கிலோ. 12,000 ரூபாய் ஆகிறது. ஆவணியில் வாங்கி மாசியில் அடைத்த 50,000 ரூபாய்க்கு ஆறு மாதத்தில் 12,000 என்றால் ஆண்டுக்கு 48 சதவீத வட்டி. கிசான் கடன் அட்டையில் ஒழுங்காகத் திருப்பிக் கட்டுபவருக்கு 4 சதவீதம். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனை உரிய காலத்தில் கட்டிவிட்டால் வட்டியே இல்லை. உங்கள் பட்டா, அடங்கல் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மலைக்கிராமங்களில் பல குடும்பங்கள் தாத்தா பெயரிலேயே பட்டாவை வைத்துக்கொண்டு கடன் அட்டை கிடைக்காமல் இருக்கின்றன. மிளகுச் சங்கிலியை ஒழுங்குபடுத்துவது வருவாய் அலுவலகத்தில் தொடங்கும் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள்.

இதற்காக அந்த வியாபாரியைத் திட்டச் சொல்லவில்லை. நடு இரவில் மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருந்தால் பத்திரம் கேட்காமல் பணம் கொடுப்பவர் அவராகத்தான் இருப்பார். அதற்கு அவர் விலை வைக்கிறார். அந்த விலை எவ்வளவு என்று தெரிந்துகொண்டு வாங்குவது ஒன்று, தெரியாமல் வாங்குவது வேறொன்று.

இப்போது கூட்டிப் பாருங்கள். எட்டுக் கிலோக் கழிவில் 400 கிலோவுக்கு 32 கிலோ போயிற்று. 590 ரூபாய் வீதம் 18,880 ரூபாய். முன்பணக் குறைப்பில் 12,000. கழிவில் ஒரு பகுதி வெறும் தண்ணீர் என்பதால் அது முழுவதும் திரும்பி வராது. முன்பணக் குறைப்பு முழுவதும் மிச்சமாகும். பொக்கும் காம்பும் குறைந்தால் விலையும் ஏறும். ஒரு பொட்டலம்கூட ஒட்டாமல், ஒரு பெயர்கூட வைக்காமல் எடுக்கக்கூடிய பணம் இது.

நேரடி விற்பனையை இதோடு ஒப்பிடுவோம். நூறு கிலோ மிளகை எடுத்துச் சலித்துப் புடைத்தால், தேறுவது 92 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கிலோ 1,000 ரூபாய் வீதம் விற்றால் 92,000. வியாபாரிக்கு முழு விலையில், 620 ரூபாய்க்குப் போட்டால் 62,000. வித்தியாசம் 30,000. இதில் அரைக் கிலோப் பார்சலாக அனுப்பினால் 184 பார்சல். ஒன்றுக்குக் கூரியர் 60, உறையும் அட்டைப்பெட்டியும் 20 என்று பிடித்தால் 14,720 ரூபாய் போகிறது. மிச்சம் சுமார் 15,000. புடைக்கும் கூலியும் உங்கள் உழைப்பும் அதற்குள். மோசமில்லை. ஆனால் அதே மிளகை நூறு கிராம் பொட்டலமாகத் தனித்தனியாக அனுப்பினால் 920 பார்சல். கூரியருக்கு மட்டும் 55,200. வித்தியாசம் முழுவதையும் தின்றுவிட்டுக் கைக்காசையும் கேட்கும். எனவே அரைக் கிலோவுக்குக் குறைந்த ஆர்டரை ஏற்காதீர்கள். அல்லது உங்கள் காப்பிக்கொட்டையையும் சேர்த்து ஒரே பெட்டியாக அனுப்புங்கள். அஞ்சலகப் பார்சலையும் விசாரியுங்கள். கூரியர்காரர் ஏறாத மலைக்கும் தபால்காரர் வருவார்.

சென்னைக் கடையின் 1,200 ரூபாயைப் பார்த்து, நடுவில் இருக்கும் 600 ரூபாயை யாரோ சும்மா எடுத்துக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள். அதில் கொள்ளையும் இருக்கலாம். பெரும்பகுதி வேலை: சலிப்பது, கழிவைச் சுமப்பது, லாரி வாடகை, கிடங்கு, கடனுக்குக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது, விற்காத பொட்டலத்தைத் திரும்ப எடுப்பது. இடைத்தரகரை விலக்கினால் அந்த வேலை மறைந்துவிடாது, உங்கள் வீட்டுத் திண்ணைக்கு வரும். எந்த வேலையை உங்களால் அவரைவிட நன்றாகச் செய்ய முடியுமோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பறிப்பு, உலர்த்தல், தரம் பிரித்தல் மூன்றும் உங்களுடையவை. நானூறு குடும்பங்களின் தொலைபேசி அழைப்புக்குப் பதில் சொல்வது அடுத்த ஆண்டுக்கோ அதற்கடுத்த ஆண்டுக்கோ இருக்கட்டும். ஒரு சராசரிக் குடும்பம் ஆண்டுக்கு ஒரு கிலோ மிளகு வாங்கினால் பெரிது. உங்கள் முழு விளைச்சலுக்கு அத்தனை குடும்பங்கள் தேவை.

என் யோசனை இது. முதல் சுற்றுப் பறிப்பில் கிடைக்கும் கனமான மணியில் நூறு கிலோவை வீடுகளுக்கு ஒதுக்குங்கள். இன்னொரு நூறு கிலோவுக்கு ஐந்து கிலோ, பத்துக் கிலோ எடுக்கும் இடங்களைப் பிடியுங்கள். திண்டுக்கல் பிரியாணிக் கடைகளுக்கு மிளகு அன்றாடச் சரக்கு. மதுரையின் நாட்டு மருந்துக் கடைகள், கொடைக்கானலில் சித்திரை, வைகாசிக் கூட்டத்தை நம்பியிருக்கும் விடுதிகள், கடைகள் என்று பட்டியல் போடுங்கள். உங்கள் அறுவடை முடிந்ததும் அவர்களுக்குப் பருவம் தொடங்குவது நல்ல பொருத்தம். ஒரே நிபந்தனை: பதினைந்து நாளில் பணம் தராத கடைக்கு இரண்டாம் முறை சரக்கு இல்லை. மீதி 200 கிலோ வியாபாரிக்கே போகட்டும்; அளந்த சீட்டோடு, முன்பணம் இல்லாமல், பட்டிவீரன்பட்டியிலோ போடியிலோ இன்னொருவரிடமும் விலை கேட்டுவிட்டு. பறிப்புக் கூலியை வாராவாரம் கொடுக்க வேண்டும். அந்த ரொக்கம் அவரிடம்தான் வரும்.

விலையை எங்கே பார்ப்பது? கொச்சிச் சந்தை விலையை நறுமணப் பொருள் வாரியம் தன் இணையதளத்தில் அன்றாடம் வெளியிடுகிறது. சுத்தம் செய்த சரக்கு, செய்யாத சரக்கு என்று இரண்டு விலை இருக்கும். உங்கள் வியாபாரி பேசுவது இரண்டாவதை வைத்து. குடகில் நல்ல விளைச்சல் என்றால் விலை இறங்கும். இலங்கையில் இருந்து ஆண்டுக்கு 2,500 டன் வரை தீர்வை இல்லாமல் வரலாம் என்று ஒப்பந்தம் இருக்கிறது. மலிவான மிளகு வந்து குவிவதைத் தடுக்க 2017 டிசம்பரில் இறக்குமதிக்குக் கிலோ 500 ரூபாய் என்று அடிவிலை வைத்தார்கள். இவற்றில் எதுவும் உங்கள் கையில் இல்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் விற்காமல் மூன்று நான்கு தடவையாக விற்பது மட்டும் கையில் இருக்கிறது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீடுகளுக்குப் பொட்டலம் போட உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வேண்டும். அந்த 14 இலக்க எண், உங்கள் பெயர், முகவரி, நிகர எடை, பொதித்த தேதி, அதிகபட்ச விலை, புகாருக்கான தொலைபேசி ஆகியவை உறையில் இருக்க வேண்டும். விவசாயி தான் விளைவித்த மிளகை விற்றால், பச்சையாக இருந்தாலும் காய்ந்ததாக இருந்தாலும், ஜிஎஸ்டி இல்லை என்று 2024 டிசம்பர் கவுன்சில் கூட்டத்தில் தெளிவுபடுத்திவிட்டார்கள். பக்கத்துத் தோட்டத்து மிளகை வாங்கி விற்றால் நீங்கள் வியாபாரி. அந்தச் சலுகை பொருந்தாது. சான்று இல்லாமல் ‘ஆர்கானிக்’ என்று அச்சிட வேண்டாம். ‘மலபார்’ என்ற சொல்லையும் தொடாதீர்கள், அது பதிவு பெற்ற புவிசார் குறியீடு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் கிடைத்த குறியீடு பூண்டுக்கு மட்டும்தான். மிளகு உறையில் அதைக் கடன் வாங்கும் சிலரைப் பார்க்கிறேன். தாண்டிக்குடி என்ற பெயரே போதும். பழனி மலையை அறிந்தவர்களுக்கு அது அழகான பெயர்.

பளபளப்புக்காக எண்ணெய் தடவச் சொல்லி யாராவது ஆலோசனை தந்தால் கதவைச் சாத்துங்கள். 2012 டிசம்பரில் கொச்சிக் கிடங்குகளில் வாயிதா வணிகத்துக்காக (பின்னொரு நாளில் கொடுப்பதற்கு இன்றே விலை பேசும் வணிகம்) வைத்திருந்த ஆயிரக்கணக்கான டன் மிளகு, தாது எண்ணெய் கலந்திருப்பதாகச் சொல்லி முத்திரையிடப்பட்டது. நல்ல மிளகுக்கு எண்ணெய்ப் பளபளப்பு தேவையில்லை.

விவசாயிகளே உறுப்பினராகச் சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது வந்து சொல்வார்கள். மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுத் திட்டத்தில் மலைப்பகுதிக்கு நூறு உறுப்பினர் போதும். நல்ல திட்டம்தான். ஆனால் பறிப்பு வாரத்தில் உறுப்பினருக்கு ரொக்கம் கொடுக்க முடியாத நிறுவனம் பெயர்ப்பலகையோடு நின்றுவிடுகிறது, மிளகு பழைய வியாபாரியிடமே போகிறது. முதலில் பத்து வீடு சேர்ந்து ஈரமானி, எடை இயந்திரம், உலர்த்தி இவற்றைப் பொதுவில் வைத்து ஒரு பருவம் நடத்துங்கள். சண்டை வராமல் ஒரு பருவம் போனால் நிறுவனத்தைப் பற்றிப் பேசலாம்.

சித்தப்பாவின் பொடிக்கு வருகிறேன். வேண்டாம். அரைபடும் சூட்டிலேயே மணத்தின் ஒரு பகுதி ஆவியாகிறது. மீதி உறைக்குள் நாளுக்கு நாள் குறைகிறது. முழு மிளகு ஆண்டுக்கணக்கில் தாங்கும் என்ற உங்கள் பெரிய பலத்தை நீங்களே உடைத்துப் போட்டதாகும். பொடியில் எது கலந்திருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது என்பதால் வாங்குபவர் பெயர் பெற்ற நிறுவனத்தைத்தான் நம்புவார், உங்களை அல்ல. முழு மிளகில் உங்கள் தோட்டத்து மணி எவ்வளவு கனம் என்பது அவர் உள்ளங்கையிலேயே தெரிந்துவிடும். பிரியாணிக் கடைக்காரர் யாராவது பொடியாகவே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், அவர் கேட்ட அளவை மட்டும், கேட்ட வாரத்தில் அரைத்துக் கொடுங்கள். அதற்கும் முன்னால், அந்த ஆலையில் உங்களுக்கு முன் மிளகாய் அரைத்தார்களா என்று கேட்டுவிட்டு மூட்டையை இறக்குங்கள்.